வேலிக் கள்ளிக்கு ஒரு பெயர்ச்சீட்டு

கம்பு வெட்டி ஊன்றி வளர்க்கிற செடிக்கு வயது சொல்வது கஷ்டம். என் கொட்டகையில் ஆறடி உயரத்தில் ஒரு முறுக்குக் கள்ளி நிற்கிறது. பார்க்கிறவர்கள் ஏழெட்டு வருஷத்துச் செடி என்பார்கள். அது என்னிடம் வந்து அவ்வளவு காலம்தான் ஆகிறது. ஆனால் என் கைக்கு வந்தது இன்னொருவர் செடியின் தலை. அவரிடம் இருந்தது வேறொருவர் செடியின் தலை. இப்படியே பின்னால் போய்க்கொண்டிருந்தால், தென் அமெரிக்காவில் என்றோ விதையிலிருந்து முளைத்த ஒரு செடியில் போய் முடியும். எத்தனை கத்தி பட்டாலும் எத்தனை நாடு தாண்டினாலும் அது அதே செடிதான். இதைத்தான் குளோன் என்கிறார்கள்.

நான் சுந்தரபாண்டியபுரத்தில் மோட்டார் காயில் கட்டுகிறவன். கிணற்று மோட்டார், போர்வெல் மோட்டார் எரிந்துபோனால் கழற்றிக்கொண்டு வந்து கம்பி சுற்றிக் கொடுப்பது பிழைப்பு. மிச்ச நேரமெல்லாம் கள்ளிக்குப் போகிறது. தூணாக வளரும் கள்ளிகளில்தான் எனக்குப் பிரியம், அதிலும் இந்த முறுக்குச் செரியஸ். சாதாரணச் செரியஸ் கள்ளியின் விலா எலும்புகள் நேராக மேலே ஏறும். இதில் அவை கயிறு திரித்ததுபோல் சுற்றிக்கொண்டு ஏறுகின்றன. விதை போட்டால் வருகிற கன்றுகளில் சில முறுக்கும், சில முறுக்காது. அதனால்தான் நல்ல முறுக்கு உள்ள தாய்ச்செடி கிடைத்தால் சேகரிப்பவர்கள் கம்பு கேட்டு அலைகிறோம்.

அயல்நாட்டுச் செடி ஒன்றுக்கு நாங்கள் கொடுக்கிற இந்த மரியாதையில் கால் பங்குகூட எங்கள் வயல்வரப்பில் நிற்கும் சதுரக்கள்ளிக்குக் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வரப்போடு பிடுங்கி எறிகிறார்கள். பிடுங்குவதற்கு முன் ஒரு கம்பை எடுத்து, எந்த ஊர், எந்த வயல் என்று எழுதி, பாதுகாப்பாக ஊன்றி வைக்க ஓர் அரசு இடம் வேண்டும். குற்றாலத்தில் அது அமைய வேண்டும் என்பது என் கோரிக்கை.

முதலில் என் கொட்டகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கள்ளிக்குப் பசுமைக்குடில் என்றதும் எங்கள் ஊரில் சிரித்தவர்கள் உண்டு. வெயிலில் வளர்கிற செடிக்குக் கூரை எதற்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஐரோப்பாவில் கண்ணாடி வீடு கட்டியது பனியிலிருந்து கள்ளியைக் காப்பாற்ற. நமக்குப் பனி இல்லை. இங்கே கூரை போடுவது மழையைத் தடுக்க. ஆடி மாதம் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும்போது குற்றாலத்தில் சாரல் பிடிக்கும். அது எங்கள் ஊருக்கு வந்து சேரும்போது மழையாகப் பெய்யாது, தூறலாகச் சிதறி பக்கவாட்டில் அடிக்கும். மண் நனையுமோ நனையாதோ, செடியின் மேல்தோல் ஈரத்திலேயே இருக்கும். பிறகு ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை. 2023 டிசம்பரில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதிரி மழையில் வெளியே நிற்கும் மெக்சிகோக் கள்ளியின் அடிப்பாகம் ஒரே வாரத்தில் கூழாகிவிடும்.

ஆகவே கூரைக்கு யூவி தாங்கும் இருநூறு மைக்ரான் பாலித்தீன் ஷீட். மேற்குப் பக்கம் மட்டும் சாரலைத் தடுக்க ஆளுயரத்துக்கு ஷீட், மற்ற மூன்று பக்கமும் திறந்த நிழல்வலை. காற்றோட்டம் இல்லாத கூண்டில் கள்ளி வளராது, பூஞ்சைதான் வளரும். காற்றாலைகள் சுழலும் பிரதேசம் இது, ஷீட்டை ஏனோதானோவென்று கட்டினால் சுரண்டையில் போய்ப் பொறுக்க வேண்டியதுதான். மண்கலவை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கழுவிய எம்-சாண்டும் செங்கல் ஜல்லியும் பாதிக்கு மேல், கொஞ்சம் செம்மண், கொஞ்சம் உமிக்கரி, ஒரு பிடி மண்புழு உரம், வேர் மாவுப்பூச்சி வராமல் இருக்க வேப்பம் புண்ணாக்குத் தூள். ஊற்றிய தண்ணீர் தொட்டியின் அடியில் உடனே வழிய வேண்டும். அவ்வளவுதான் ரகசியம்.

கம்பு வெட்டுவதில்தான் கவனம் தேவை. மாசியிலோ பங்குனியிலோ, காற்று வறண்டிருக்கும்போது வெட்டுவேன். கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு ஒரே இழுப்பில் அறுக்க வேண்டும். வெட்டிய முகத்தைப் பாருங்கள்: வெளியே பச்சைத் தோல், உள்ளே தண்ணீர் நிறைந்த வெண்சதை, நடுவில் ஒரு சிறு வளையம். அந்த வளையம்தான் நீர் ஏறும் குழாய்களின் கூட்டம், வேர் அங்கிருந்துதான் புறப்படும். அப்படியே காயவிட்டால் சதை சுருங்கி வளையம் உள்ளே இழுத்துக்கொள்ளும், முகம் கிண்ணம்போல் குழிந்துவிடும், வேர் மண்ணைத் தொடாது. அதனால் விளிம்பைச் சுற்றிலும் பென்சில் சீவுவதுபோல் சரிவாகச் சீவிவிட வேண்டும். கந்தகத் தூளைத் தடவி, நிழலில், நிற்கவைத்துத்தான் காயவிட வேண்டும். படுக்கவைத்தால் நுனி வெளிச்சத்தைத் தேடி வளைந்துவிடும், பிறகு ஆயுளுக்கும் அந்தக் கோணல் போகாது. கனமான கம்பு என்றால் முகம் தோல்போல் இறுக மூன்று, நான்கு வாரம்கூட ஆகும். அவசரப்பட்டு ஈரமண்ணில் வைத்தவர்கள் எல்லாருமே பிறகு அழுகல் வாடையைத்தான் முகர்ந்திருக்கிறார்கள்.

தலையை இழந்த அடித்தண்டு சும்மா இருக்காது. சில மாதத்தில் வெட்டுக்குச் சற்றுக் கீழே, முள் புறப்படும் பஞ்சுப் புள்ளிகளிலிருந்து இரண்டு மூன்று குட்டிகள் வெடித்துக் கிளம்பும். அவையும் தாயைப்போலவே முறுக்கும். முறுக்கு எந்தப் பக்கம், எவ்வளவு நெருக்கம் என்பதெல்லாம் அப்படியே வரும். தண்டைக் கீழிருந்து மேலாகத் தடவிப் பார்த்தால் அது பட்ட பாடு முழுவதும் தெரியும். வெளிச்சம் குறைந்த காலத்தில் வளர்ந்த பகுதி இடுப்புபோல் ஒடுங்கியிருக்கும். நல்ல வெயிலும் அளவான தண்ணீரும் கிடைத்த காலம் புடைத்திருக்கும். செஞ்சிலந்தி கடித்த இடம் துருப்பிடித்த நிறத்தில் என்றென்றைக்கும் நிற்கும். உயிர் அதே உயிர் என்றாலும் ஒவ்வொரு துண்டும் தான் நின்ற இடத்தின் கதையை உடம்பில் எழுதிக்கொள்கிறது.

இந்தக் குளோன் வாழ்க்கையில் ஒரு குறையும் உண்டு. என் செரியஸ்கள் நன்றாக வளர்ந்தபின் பூக்க ஆரம்பித்தன. இருட்டிய பிறகு விரியும் வெள்ளைப் பூ, ஒரு சாண் நீளம் இருக்கும், விடிந்து வெயில் ஏறுவதற்குள் தொங்கிவிடும். பூத்தது, ஆனால் ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. மூன்று தொட்டியில் பூத்தாலும் முப்பது தொட்டியில் பூத்தாலும் காய்க்காது, ஏனென்றால் எல்லாம் ஒரே செடி. செரியஸ் இனத்தில் பலவும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. இஸ்ரேலில் பென்-குரியன் பல்கலைக்கழகத்தார் நெகேவ் பாலைவனத்தில் இதைப் பழப்பயிராக வளர்த்தெடுத்து 'கூபோ' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களும் ஒரே குளோனை மட்டும் நட்டு அறுவடை செய்ய முடியாது, வேறு தாயின் செடிகளையும் கலந்து நட வேண்டும். விதை வேண்டுமென்றால், எந்தத் தொட்டி எந்தத் தாயின் பிள்ளை என்று தெரிந்தால்தான் எதையும் செய்ய முடியும்.

இங்கேதான் பெயர்ச்சீட்டு வருகிறது. மோட்டாரைப் பிரிக்கும்போது பழைய சுற்று எத்தனை, கம்பி என்ன கேஜ், யாருடைய மோட்டார் என்று ஒரு தகட்டில் எழுதிக் கட்டிவிட்டுத்தான் கம்பியை உருவுவோம். அந்தப் பழக்கத்தில் கள்ளித் தொட்டிகளுக்கும் அலுமினியத் தகட்டில் ஆணியால் கீறி எழுதுகிறேன். மையால் எழுதியது வெயிலில் வெளுத்துவிடும், கீறியது போகாது. யாரிடம் வாங்கியது, அவருக்கு எங்கிருந்து வந்தது, எந்த மாதம் வெட்டியது. நர்சரிகளில் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் 'காக்டஸ்' என்பதோடு பதில் முடிந்துவிடும். ஆனால் அதே நர்சரிகளில் பச்சைத் தண்டின் உச்சியில் சிவப்புப் பந்து உட்கார்ந்திருக்கும் ஒட்டுக் கள்ளியைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஜாதகம் இருக்கிறது. ஜப்பானில் எய்ஜி வதனபே என்பவர் 1941-இல் தன் நாற்றங்காலில் முளைத்த ஆயிரக்கணக்கான கன்றுகளுக்கு நடுவே செந்நிறமாக இருந்த ஒன்றிரண்டைக் கவனித்தார். பச்சையம் இல்லாத செடி தானாகப் பிழைக்காது என்பதால் வேறொரு கள்ளியின்மேல் ஒட்டுக்கட்டினார். டிராகன் பழத்தின் இனத்தைச் சேர்ந்த தண்டில் ஒட்டுக்கட்டி இன்று தென்காசி வரைக்கும் வந்து சேர்ந்திருப்பது அந்த வழியில் வந்ததுதான். கவனித்த மனிதரின் பெயரும் வருடமும் எழுதப்பட்டிருப்பதால்தான் நமக்கு இது தெரிகிறது.

எழுதி வைக்காததற்கு நம் நாடு கொடுத்த விலை பெரியது. சப்பாத்திக்கள்ளியின் கதையைச் சொன்னால் புரியும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்த செடி அது. 1780-களின் இறுதியில் சென்னையில் கும்பினியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், சைதாப்பேட்டையில் அதற்கென்றே ஒரு தோட்டம் போட்டார். கள்ளியின்மேல் வாழும் காச்சினீல் பூச்சியிலிருந்து கிடைக்கும் செஞ்சாயம் அப்போது பெரும் வியாபாரம். அந்தப் பூச்சியை ஸ்பானியர்கள் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். 1795-இல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலிலிருந்து பூச்சியை வங்காளத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். சாயம் தரும் உயர்ந்த ரகம் என்று நம்பித்தான் வாங்கினார்கள். வந்தது காட்டு ரகம். சாயம் மட்டம். ஆனால் அது ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியைக் கூட்டம் கூட்டமாகத் தின்று தீர்த்தது. 1830-களில் அந்தப் பூச்சியைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள், பிறகு இலங்கைக்கும் போயிற்று. பூச்சியை வைத்துக் களையை ஒழித்ததற்கு உலகத்திலேயே முதல் உதாரணமாகப் பாடப்புத்தகங்களில் சொல்வது இதைத்தான்.

அதோடு முடியவில்லை. அந்தப் பூச்சி தொட்டுக்கூடப் பார்க்காத இன்னொரு சப்பாத்திக்கள்ளி இருந்தது. திருநெல்வேலிச் சீமை உட்பட தெற்கில் மேய்ச்சல் நிலங்களைச் சாப்பிட்டது அதுதான். மனிதர்களுக்கு இரண்டும் ஒரே கள்ளி. பூச்சிக்கு அவை வேறு வேறு என்று தெரிந்திருந்தது. ஆஸ்திரேலியாவில் அதைக் கட்டுப்படுத்திய வேறொரு பூச்சி 1924-இல் இலங்கைக்கும், அங்கிருந்து 1926-இல் தென்னிந்தியாவுக்கும் வந்தது. சில வருஷங்களில் காடு காடாகக் கள்ளி வெள்ளைப் பஞ்சு பூத்து, சரிந்து, மக்கிப்போயிற்று. அந்தப் பூச்சிக்கும்கூட முதலில் தவறான பெயரையே எழுதி வைத்திருந்தார்கள், பின்னால்தான் திருத்தினார்கள். எது எந்தச் செடி, எது எந்தப் பூச்சி, எங்கிருந்து வந்தது என்பதில் தெளிவு இல்லாததால் நூறு வருஷத்துக்கு மேல் அலைந்திருக்கிறோம். இன்னொன்றையும் இதில் கவனிக்க வேண்டும். மடல் ஒடிந்து விழுந்த இடத்திலெல்லாம் வேர்விட்டுப் பரவுகிற செடி அது. ஒரு பெரும் புதரே ஒரே உயிராக இருக்கலாம். அப்படிப் பரவியதை அழிக்க ஒரு நோய் போதும்.

இப்போது எங்கள் வரப்புக்கு வருகிறேன். சதுரக்கள்ளி அமெரிக்காவிலிருந்து வந்த செடி அல்ல, நம்முடையது. தாவரவியல்படி அது காக்டஸ் குடும்பமே கிடையாது, ஆமணக்கின் குடும்பம். ஒடித்தால் வெள்ளைப்பால் வரும். பெரும்பாலான காக்டஸ்களை வெட்டினால் நிறமற்ற கொழகொழப்புதான். காக்டஸ் குடும்பம் முழுக்க முழுக்க அமெரிக்கக் கண்டத்துக்கே உரியது, ஒரே ஒரு தொங்குகள்ளி மட்டும் எப்படியோ கடல் தாண்டி ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் தானாக வளர்கிறது. ஆனால் வறட்சி இரண்டு குடும்பங்களையும் ஒரே வேலையைச் செய்யவைத்திருக்கிறது: இலையைக் குறைத்து, தண்டையே தண்ணீர்த் தொட்டியாக்கி, விலா எலும்பு வைத்து, முள்ளைக் காவல் போட்டிருக்கின்றன. வயதான சதுரக்கள்ளி ஒன்றைப் பக்கத்தில் நின்று பாருங்கள். அடிமரம் உருண்டு பட்டை கட்டியிருக்கும். மேலே போகப் போகக் கணுக்கணுவாக மூன்று, நான்கு சிறகு விரித்து, ஒவ்வொரு சிறகின் விளிம்பிலும் இரட்டை முள். நான் கூரை போட்டு வளர்க்கும் எந்தச் செடிக்கும் அழகில் குறைந்தது இல்லை.

அந்த வேலி வெறும் கள்ளியாகவும் இருக்காது. அதன்மேல் பிரண்டை ஏறியிருக்கும், கோவை படர்ந்திருக்கும், குன்றிமணி வெடித்துத் தொங்கும். முடக்கத்தான், தூதுவளை எல்லாம் ஆட்டு வாய்க்குத் தப்பி உள்ளே இருக்கும். அடியில் நிழலில் கள்ளிமுளையான் தலைகாட்டும். ஆடு மேய்க்கிறவர்கள் அதைப் பறித்து உப்புத் தொட்டுத் தின்பார்கள். கீரி, ஓணான், சாரைப்பாம்பு, குருவிக்கூடு என்று ஒரு குடியிருப்பே இருக்கும். பம்ப்செட் ரூமுக்குப் போகிற வழியில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே போவது என் வேலையின் ஒரு பகுதியாக இருந்தது. ஆய்க்குடி, சாம்பவர் வடகரை, கீழப்பாவூர் என்று எந்தப் பக்கம் போனாலும் உண்டு.

இப்போது போகிற இடத்திலெல்லாம் கம்பிவேலி, கல்தூண், இல்லையென்றால் பிளாட் போட்ட கல். எங்கள் ஊரைச் சினிமா பார்த்தவர்கள் அறிவார்கள். 'ரோஜா' படத்தில் வந்த ஊர், 'அந்நியன்' பாட்டுக்காக நடிகர்கள் முகம் வரைந்த பாறை இருக்கும் ஊர். ஆடி, ஆவணியில் சூரியகாந்தி பூத்துவிட்டால் கேரளத்திலிருந்து கார் காராக வந்து படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். வரட்டும், விவசாயிக்கு நுழைவுக்கட்டணமாக நாலு காசு கிடைத்தால் எனக்கு மகிழ்ச்சிதான். அந்தக் கார்களை நிறுத்தவும் வரப்பை அகலப்படுத்துகிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. தெரிந்த வயல்காரர் ஒருவர் மோட்டாரை எடுக்கப் போன அன்று சொன்னார்: "அண்ணாச்சி, நாளைக்கு ஜேசிபி வருது. ஒமக்குத்தான் கள்ளிப் பைத்தியமாச்சே, வேணும்னா ரெண்டு கம்பு எடுத்துட்டுப் போரும்." எங்க தாத்தா காலத்து வேலி என்றும் சொன்னார். எந்த ஊரிலிருந்து கம்பு கொண்டுவந்து வைத்தார்கள் என்று கேட்டேன். அவர் தகப்பனாருக்கு அது தெரிந்திருந்ததாம். பெண் எடுத்த ஊரிலிருந்து வண்டியில் வந்ததாகச் சின்ன வயதில் கேட்ட ஞாபகம், ஊர்ப் பெயர் நினைவில் இல்லை. ஒரு தலைமுறைக்குள் அந்தச் சீட்டு தொலைந்துவிட்டது.

அந்தக் காலத்து வேலி எல்லாமே கம்பு ஊன்றி வைத்ததுதான். ஒரு வரப்பு நெடுக ஒரே தாய் இருந்திருக்கலாம், பக்கத்து ஊர் வரப்பில் வேறு தாய் இருந்திருக்கலாம். எது கடும் கோடையைத் தாங்கியது, எது பெருமழைக்கு அழுகவில்லை, எது நெருக்கமாகக் கிளைத்து ஆடு புகாமல் தடுத்தது என்று பார்த்துப் பார்த்து அண்டை அயலில் கம்பு வாங்கி வைத்திருப்பார்கள். யாரும் ஆராய்ச்சி என்று சொல்லாமல் செய்த தேர்வு அது. வரப்பைத் தள்ளினால் அந்தத் தேர்வும் சேர்ந்து போகிறது. விதை வங்கியில் நெல் ரகங்களைச் சேர்த்து வைக்கிறோம், நல்லது. வேலிக்கும் அதே அக்கறை வேண்டும் என்று கேட்க ஆள் இல்லை.

உலர்ந்த மாதிரி எடுத்து வைத்தால் போதாதா என்று படித்தவர்கள் கேட்கலாம். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல நிலையம் 1955 முதல் இருக்கிறது. அங்கே அழுத்தி உலர்த்திய செடி ஒவ்வொன்றின் கீழும் ஊர், தேதி, சேகரித்தவர் பெயர் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும். நான் கேட்கிற சீட்டு அதுதான். ஆனால் கள்ளியை அப்படி அழுத்த முடியாது. தண்ணீர்ப் பையாக இருக்கிற தண்டைப் பிளந்து, சதையைச் சுரண்டி, கஷ்டப்பட்டு உலர்த்தினாலும் நிறமும் போய்விடும், வடிவமும் போய்விடும். உலகம் முழுவதும் உலர்தாவரச் சாலைகளில் கள்ளி வகைகள் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம். கள்ளியைச் சேகரிப்பது என்றால் உயிரோடுதான் சேகரிக்க வேண்டும்.

ஹரியானாவில் பஞ்ச்குலாவில் 1987 முதல் ஏழு ஏக்கரில் தேசியக் கள்ளித் தோட்டம் ஒன்று நடக்கிறது. அது வடக்கே இருக்கிறது. நம் மண்ணின் சதுரக்கள்ளியும் இலைக்கள்ளியும் கள்ளிமுளையானும் நம் மழைக்கும் காற்றுக்கும் பழகியவை, அவை இங்கேதான் இருக்க வேண்டும். குற்றாலத்தில் தோட்டக்கலைத் துறையின் சுற்றுச்சூழல் பூங்கா இருக்கிறது. கும்பினிக்காரர்கள் ஜாதிக்காயும் கிராம்பும் கொண்டுவந்து நட்டுப் பார்த்த ஊர் அது. வெளிநாட்டு மரத்துக்குத் தோட்டம் போட்ட ஊரில் உள்ளூர்ச் செடிக்குக் கால் ஏக்கர் கிடைக்காதா? மழை அதிகம் என்றால் அடிவாரத்தை விட்டுக் கிழக்கே தள்ளி, எங்கள் பக்கம் காய்ந்த புறம்போக்கில் ஒரு கிளைத் தோட்டம் போடலாம். செலவு பெரிதாக வராது. சதுரக்கள்ளிக்குக் கூரை தேவையில்லை, தண்ணீர்கூட முதல் வருஷத்துக்குப் பிறகு தேவையில்லை. தேவையானது மேடான பாத்தி, கல் வரம்பு, ஒவ்வொரு செடிக்கும் துருப்பிடிக்காத தகடு, அதைப் பதிவேட்டில் ஏற்ற ஓர் ஆள். தென்காசி 2019-இல்தான் மாவட்டமானது. புதிய மாவட்டத்துக்குத் தன் பெயரில் தொடங்க இப்படியும் ஒரு காரியம் இருக்கட்டும்.

என்னைப் போன்ற சேகரிப்பாளர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. உலகில் உள்ள கள்ளி இனங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அழியும் அபாயத்தில் இருப்பதாக 2015-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. காரணங்களில் ஒன்று எங்கள் ஆசை. சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்தில் பிடுங்கப்பட்ட நூற்றுக்கணக்கான கோப்பியப்போவாக் கள்ளிகள் இத்தாலியில் பிடிபட்டு, 2021-இல் சிலிக்கே திருப்பி அனுப்பப்பட்டன. சில செடிகள் நம் பாட்டனுக்குப் பாட்டன் வயது இருக்கும். வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டஸ்' ஒப்பந்தத்தில் இந்தியா 1976 முதல் இருக்கிறது. ஆனாலும் இணையத்தில் படம் போட்டு விற்கிறவரிடம் 'இது வளர்த்ததா, பிடுங்கியதா' என்று கேட்கிறவர்கள் குறைவு. கம்பு வெட்டிப் பெருக்கிய குளோனை வாங்குவதில் இருக்கிற நிம்மதியே இதுதான். தாய்ச்செடி யார் வீட்டிலோ நலமாக நிற்கிறது, காட்டில் ஒரு குழியும் விழவில்லை. தோல் தழும்பேறி, கோணல்மாணலாக, வேரில் வேற்று மண் ஒட்டி வருகிற கிழட்டுச் செடி மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

அதேபோல், வளர்ந்து மிஞ்சிய அயல்நாட்டுக் கம்புகளை ஓடையிலோ குளக்கரையிலோ எறியாதீர்கள். தென் ஆப்பிரிக்காவுக்கு அழகுக்காகக் கொண்டுபோன செரியஸ் இன்று காட்டில் களையாக நிற்கிறது. அதை ஒடுக்க ஒரு மாவுப்பூச்சியை வரவழைத்தார்கள். அதற்கு நெருங்கிய உறவான மாவுப்பூச்சி ஒன்று போர்ட்டோ ரிக்கோவில் புகுந்து அந்தத் தீவின் தூண் கள்ளிகளைக் கொன்றுகொண்டிருக்கிறது. ஓரிடத்தில் மருந்தாக இருப்பது இன்னோரிடத்தில் நோயாகிறது. சிற்றாற்றின் கரையில் அந்தச் சோதனையை நாம் செய்து பார்க்க வேண்டாம். மிஞ்சியதை நறுக்கி, வெயிலில் சருகாகக் காயவைத்து, எருக்குழியில் போடுங்கள்.

அரசு இடம் கிடைக்கும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. உங்கள் வயலிலோ பக்கத்து வயலிலோ வேலியை எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்தால் முன்கூட்டியே போய்ச் சொல்லிவைத்து ஒரு கம்பு வாங்குங்கள். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். சதுரக்கள்ளியின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, தெறித்துவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். குழந்தைகளைப் பக்கத்தில் விடக்கூடாது. முழங்கை நீளத்துக்குக் கணுவோடு வெட்டி, பால் நிற்கும்வரை வெட்டுமுகத்தைத் தண்ணீரில் கழுவி, இரண்டு மூன்று வாரம் நிழலில் காயவைத்து, மணல் கலந்த மேட்டில் ஊன்றுங்கள். வேர் பிடித்துப் புதுக் கணு விடும்வரை தண்ணீரை மறந்துவிடலாம். தகட்டில் எழுத வேண்டியது ஊர், வயல் இருக்கும் பக்கம், வேலியின் வயது என்று வயல்காரர் சொன்னது, கம்பு வெட்டிய தேதி. எந்த வகைக் கள்ளி என்று உறுதியாகத் தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள், தெரிந்தவர் பார்த்து எழுதட்டும். மற்ற நான்கையும் அன்றைக்கே கீறிவிட வேண்டும்.